கதிர் படாத பக்கத்துச் செல்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுகிறேன். போனில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் கடிதம். கதிர் சிகிச்சை தொடங்கிய பிறகு இருமல் குறைந்திருக்கிறதா? சாப்பாடு இறங்குகிறதா?

நேற்று மாலை உன் மகள் அத்தானின் போனிலிருந்து கூப்பிட்டாள். "சித்தி, அம்மா என்னைப் பக்கத்துலயே விடமாட்டேங்கிறாங்க. தலைகூட அப்பாதான் வாரி விடுறாரு. நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று கேட்டாள். அத்தான் போடும் பின்னலை நினைத்துச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடமே அழுதுவிட்டேன். பிறகு அத்தான் போனை வாங்கி, நீ சொன்னதைச் சொன்னார்: "கதிர் படாத பக்கத்துலயும் பாதிக்கும்னு தங்கச்சியே சொல்லியிருக்கா. குழந்தைக்கு எதுக்கு வம்பு?"

தப்பு என்னுடையது, அக்கா. போன மாதம் என் ஆய்வக வேலையைப் பற்றி நீ கேட்டபோது, அவசரத்தில் பாதியைச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். நான் சொன்னது ஒரே தட்டில் வளரும் செல்களைப் பற்றி. சிலவற்றின் மேல் மட்டும் கதிரைப் பாய்ச்சினால், அவை வெளிவிடும் ஏதோ ஒன்று பக்கத்துச் செல்களையும் சேதப்படுத்துகிறது. அது செல்லுக்கும் செல்லுக்கும் நடப்பது. உன்னிடமிருந்து இன்னொருவருக்குத் தாவாது. இன்று உன் டாக்டரிடமும் கேட்டேன். "மெஷினை நிறுத்தினதும் கதிரும் நின்னுடும். உடம்புல ஒண்ணும் தங்காது. குழந்தையைத் தாராளமா மடியில வெச்சுக்கலாம்" என்றார்.

போன வாரம் நீ கேட்ட இன்னொரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவினேன். கட்டியின் நடுவில் ஆக்சிஜன் குறைவாமே, அங்கே கதிர் எடுபடுமா என்று கேட்டாய். குறைவாகத்தான் எடுபடும். கதிர் பட்ட செல்களிலிருந்து பரவும் சேதமாவது அந்த இடத்தை எட்டி அங்குள்ள செல்களைக் கொல்லுமா என்றுதான், ஆக்சிஜனைக் குறைத்த பெட்டிக்குள் கையுறையோடு கையை விட்டு நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம். சில தட்டுகளில் எட்டுகிறது. சிலவற்றில் இல்லை. அதை வைத்து உனக்கு என்ன ஆகும் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. இப்போதெல்லாம் செல்களை எண்ணும்போது பாதியில் எண்ணிக்கையைத் தவறவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறேன். கூட வேலை செய்பவர், "கொஞ்ச நாள் நான் எண்ணுறேன், நீ எழுதிக்கோ" என்கிறார்.

லீவு கேட்டிருக்கிறேன். அடுத்த மாதம் முதல் வாரம் வந்துவிடுவேன். அதுவரை எனக்காகக் காத்திருக்க வேண்டாம். இதைப் படித்து முடித்ததும் அவளைக் கூப்பிட்டு இறுக்கிக் கட்டிக்கொள். இனி ஒரு நாளைக்கூட வீணாக்காதே, அக்கா.

என்றும் உன்
தங்கை