மாப்பிள்ளையும் ஹைப்பர் த்ரெட்டிங்கும்

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தாயில்பட்டி கோயில் பொங்கலுக்குப் போய் அசிங்கப்பட்டு வந்தாயிற்று. தங்கை இசைவாணியின் வீட்டுக்காரர் செல்வக்குமார் சாத்தூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். பந்தியில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: “மச்சான்கிட்ட ஹைப்பர் த்ரெட்டிங்க ஆஃப் பண்ணுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டேன். கேக்க மாட்டேங்காக. அதான் தூத்துக்குடில எறங்கும்போதெல்லாம் பிளேன் திக்குது.”

நிஜ விமானம் இல்லை, கம்ப்யூட்டரில் ஓட்டுகிற விளையாட்டு விமானம்தான்; ஹைப்பர் த்ரெட்டிங் அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு செட்டிங். ஞாயிறு சாயங்காலம் அவர் சாத்தூரிலும் நான் சிவகாசியிலும் உட்கார்ந்து மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குச் சேர்ந்து பறப்போம். வாரம் முழுக்கக் காலண்டர் பக்கம் வடிவமைத்துக் கண் பூத்துப்போகிற எனக்கு இருக்கிற ஒரே ஆறுதல் அது. அதிலும் நொட்டை.

“கடை போட்டவுகல்லாம் இன்ஜினியர் ஆயிர முடியுமா மாப்ளே?” என்றேன்.

பாதிச் சோற்றில் இலையை மூடிவிட்டு எழுந்து போய்விட்டார். வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டிருக்கலாம் நான்.

ஆகஸ்ட் 12

ஆர்டர் நெருக்கடி. மாப்பிள்ளை போனை எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தனியாகப் பறந்தேன். கோவில்பட்டி தாண்டுமுன் அலுத்துப்போய் நிறுத்திவிட்டேன்.

ஆகஸ்ட் 20

இசைவாணி பத்திரிகையோடு வந்தாள். 31ஆம் தேதி அவள் மகள் ஓவியாக் குட்டிக்குக் காதுகுத்து.

“அவுக வரலையா?”

“தெருமுக்குல பைக்ல நிக்காக.”

தாய்மாமனை அழைக்கப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்துதான் தாம்பாளத்தோடு வர வேண்டும். அவள் மட்டும் வந்தால் அழைக்காத மாதிரிதான். அவளுக்கும் தெரியும்.

“ஒரு பிளேனுக்காண்ணே இம்புட்டும்? நீ வரலைன்னா சிவபாண்டி அண்ணன் மடியில வச்சுக் குத்திக்கிடலாங்காக” என்று அழுதாள். சிவபாண்டி எங்கள் சித்தப்பா மகன்.

கூடப் பிறந்தவள் இவள் ஒருத்தி. அவள் காத்துக் கிடந்து பெற்ற பிள்ளை. அது என் மடியில் உட்கார வேண்டும் — வேறு என்ன கேட்டேன்? ஆனாலும் தெருமுக்கு வரை நடக்க எனக்குக் கால் வரவில்லை. என்ன வீம்போ.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இன்று சோதித்துப் பார்த்துவிட்டேன்.

ஹைப்பர் த்ரெட்டிங் என்பது ப்ராசஸரில் ஒரே ஆளை இரண்டு ஆளாக நிறுத்தி வேலை வாங்குவது. ஆள் கூடினால் வேகம் கூடும் என்பது என் கட்சி. ஆனில் வைத்துப் பறந்தேன், இறங்கும்போது திக்கியது. ஆஃப் செய்து பறந்தேன். தூத்துக்குடி ஓடுதளம் வெண்ணெயாக வந்தது. நம்பாமல் மறுபடியும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். அதே கதைதான். காலண்டர் பக்கங்களைத் தயார் செய்ய மட்டும் ஆனில்தான் சீக்கிரம் முடிகிறது.

சீசனில் என்னையும் கம்பெனியில் இரண்டு வேலையில்தான் நிறுத்துகிறார்கள். எனக்கும் திக்கத்தான் செய்கிறது.

ஆக, மாப்பிள்ளை சொன்னது சரி. அதை அவரிடம் சொல்லணுமே. வாய் வருமா?

ஆகஸ்ட் 26

வந்தது. டீ குடிக்கிற நேரத்தில் கூப்பிட்டேன், எடுத்தார்.

“ஆஃப் பண்ணிப் பாத்தேன் மாப்ளே. நீங்க சொன்னதுதான் சரி. அன்னைக்கு நான் அப்படிப் பேசிருக்கக் கூடாது.”

“சரி மச்சான். கடையில ஆள் நிக்கி” என்று வைத்துவிட்டார்.

இவ்வளவுதானா? இதற்கா இரண்டு நாள் ஒத்திகை பார்த்தேன்?

ஆகஸ்ட் 28

இருவரும் தாம்பாளத்தோடு வந்தார்கள். “மச்சான், குடும்பத்தோட முன்னாடியே வந்துருங்க” என்றார். என் வீட்டுக்காரி அழகுமீனா காப்பி கொடுத்தாள். கம்ப்யூட்டர் இருக்கும் பக்கமே அவர் திரும்பவில்லை. நானும் பேச்செடுக்கவில்லை. அவர்கள் போனதும் அழகுமீனா என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு உடம்பெல்லாம் அசதி, படுத்துத் தூங்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மொட்டைத் தலையில் சந்தனத்தோடு ஓவியா என் மடியில் இருந்தாள். ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிள்ளையின் தலையைப் பிடித்துக்கொள்ள மாப்பிள்ளை எனக்கு எதிரே வந்து குத்தவைத்து உட்கார்ந்தார். என் காதோரம் குனிந்து சொன்னார்.

“மச்சான், ஒண்ணு சொன்னா கோவிக்கக் கூடாது. எவனோ சொன்னத வச்சுத்தான் அன்னைக்கு அடிச்சு விட்டேன். நான் ஆஃப் பண்ணிப் பாத்ததே இல்ல. நீங்க போன் பண்ணப் பெறகுதான் பாத்தேன். என் மிஷின்ல ஆன்லதான் நல்லா ஓடுது.”

அவரையே பார்த்தேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. இந்த மனிதரோடு சண்டை போட எனக்கு இனி தெம்பும் இல்லை, ஆசையும் இல்லை.

“தலையப் பிடிங்க மாப்ளே, ஆடுது” என்றேன்.