வராண்டாவில் பேசக்கூடாது

ஜனவரி 14, திங்கள்

திங்கள் என்றால் சிவப்பு பீன்ஸும் சோறும். பீன்ஸ் வெந்துகொண்டிருக்கும்போது டெல்ஃபின் பள்ளியிலிருந்து வந்தாள். பையைத் திறந்தால் மஞ்சள் சீட்டு. "வராண்டாவில் வரிசையில் போகும்போது சுவரில் விரலால் தட்டியது. ஒரு குறைப்புள்ளி." இதோடு முப்பத்து மூன்று.

நாற்பது சேர்ந்தால் ஏழாம் வகுப்பிலேயே இன்னொரு வருடம். விதி அப்படி. விதி போட்ட பள்ளித் தலைமைக் குழுவில் ஐந்து பேர். பெற்றோர் சார்பில் உட்கார்ந்திருக்கும் ஐந்தாவது ஆள் நான்.

ஏன்டி தட்டினாய் என்று கேட்டேன். "நான் தட்டலம்மா. விரல்தான் தட்டுது. தட்டினதுக்கப்புறம்தான் எனக்கே தெரியுது" என்றாள். பன்னிரண்டு வயதில் எனக்கும் வாய் அப்படித்தான் இருந்தது.

என் வீட்டுக்காரர் அல்சீட் இழுவைப் படகிலிருந்து போன் பண்ணினார். விஷயத்தைச் சொன்னதும் மனுஷனுக்கு ஒரே சிரிப்பு. "போர்டு மெம்பரம்மா, ஊருக்குப் போட்ட சட்டம் வீட்டுக்கே வந்துடுச்சா?" ஆற்றில் பதினான்கு நாள், வீட்டில் பதினான்கு நாள் என்பது அவர் வேலை. கேலிக்கு மட்டும் விடுமுறையே கிடையாது.

ஜனவரி 17, வியாழன்

குழுக் கூட்டம். கணக்கு வழக்கு பார்க்கும் லான் ட்ரான் கார்னிவல் காலத்துக் கிங் கேக் வாங்கி வந்திருந்தாள். உள்ளே வைத்த பொம்மை ஓட்டிஸ் அண்ணன் துண்டில் வந்தது. பொம்மை யாருக்கு வருகிறதோ அவர்தான் அடுத்த வாரக் கேக் வாங்க வேண்டும். நான்கு பள்ளிகளின் பேருந்து, கட்டடம், மதியச் சாப்பாடு எல்லாம் அண்ணன் பொறுப்பு. பொம்மையைச் சட்டைப் பைக்குள் ஒளித்தார். நான் பார்த்துவிட்டேன்.

தலைவர் பிரெஸ்டன் பாஸ்டனிலிருந்து வந்தவர். முப்பத்து நாலு வயது. நடந்தே பார்த்ததில்லை, எப்போதும் அரை ஓட்டம்தான். வரைபடம் காட்டினார். வாசிப்பு மதிப்பெண் இரண்டு வருடமாக ஏறுகிறதாம். அடுத்த வருடம் பள்ளிகளை நடத்த எங்களுக்குத் தந்த சார்ட்டர் உரிமத்தைப் புதுப்பிக்க அரசாங்க ஆட்கள் வருகிறார்கள், அதுவரை எதையும் தொடக்கூடாது என்றார்.

அமைதி வராண்டா விதியை எழுதியவர் டாக்டர் பீஸ்லி அம்மா. பாடத்திட்டம், ஒழுங்கு இரண்டும் அவர் கையில். இதே ஊரில் ஏழாவது வார்டில் பிறந்தவர், இருபத்தெட்டு வருடம் வாத்தியார் வேலை பார்த்தவர். அவர் விரலைத் தூக்கினால் பேருந்து டிரைவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள்.

அந்த விதியைக் குறை சொல்லவும் முடியவில்லை. மூன்று வருடத்துக்கு முன் வராண்டாவில் தினம் அடிதடி. ஒரு பையன் கை உடைந்தது. இனி தரையில் ஒட்டிய நீலக்கோட்டின் மேல், வாய் மூடி, கை கட்டி நடக்க வேண்டும் என்று பீஸ்லி சொன்னபோது முதலில் கை தூக்கியவள் நான்தான். சர்ச்சில் பிள்ளைகள் அப்படி நடப்பதில்லையா என்று பேசவும் பேசினேன்.

இன்று வாயே திறக்கவில்லை. கேக் மட்டும் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

ஜனவரி 28, திங்கள்

முப்பத்து நான்கு. சத்தமாகக் கொட்டாவி விட்டாளாம்.

பிப்ரவரி 2, சனி

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கோபம், சோம்பல், அல்சீட்டை ஒருமையில் திட்டியது எல்லாம் சொல்லி முடித்தேன். எழுந்திருக்கப் போனவள் மறுபடி முழங்கால் போட்டு மகள் விஷயத்தையும் சொன்னேன். அந்த விதியை எடுத்துவிட மனசு துடிக்கிறது, ஃபாதர். ஊர்ப் பிள்ளைகளுக்காகவா, என் பிள்ளைக்காகவா என்று எனக்கே தெரியவில்லை.

இதை உன்னோடு மேஜையில் உட்காரும் நால்வரிடம் சொன்னாயா என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு என்னிடம் எதற்குச் சொல்கிறாய் என்றார். பரிகாரமாக அருள்நிறை மரியே செபம் பத்து முறை. அது சுலபம்.

பிப்ரவரி 7, வியாழன்

சொல்லிவிட்டேன். கூட்டத்தில், நால்வர் முன்னாலும். "என் மகளுக்கு முப்பத்தஞ்சு ஆயிடுச்சு. அதனால இந்த விதியைப் பத்தி நான் பேசினா அதுல என் சுயநலமும் இருக்கு. தெரிஞ்சுக்குங்க."

பிரெஸ்டன் நாகரிகமாகவே பேசினார். நேர்மைக்கு நன்றி, ஆனால் அப்படியென்றால் இந்த விஷயத்தில் உங்களுக்கு ஓட்டு கிடையாது, மிஸ் எர்லீன் என்றார். நியாயம்தான். வெளியே வந்ததும் ஓட்டிஸ் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "ஏன் தங்கச்சி, என்கூட கை தூக்க இருந்தது நீ ஒருத்திதான். அந்தக் கையையும் நீயே கட்டிக்கிட்டியே."

ஆண்டவருக்கு முன்னால் சுத்தமாக இருக்கிறேன். அதைத் தவிர கையில் ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 19, செவ்வாய்

ஓட்டுத்தான் இல்லை, கேள்வி கேட்கலாமே. ஜனவரி மாதக் குறைப்புள்ளிகள் எல்லாவற்றையும் தரும்படி லானிடம் கேட்டேன். பெட்டி நிறையத் தாள் கொடுத்தாள். "அக்கா, இதையெல்லாம் கம்ப்யூட்டரே கூட்டிடும்" என்றாள். கம்ப்யூட்டர் கூட்டும், ஆனால் படிக்காது. பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். கணக்கு எழுதுவதை நூலகத்துப் புத்தகத்தைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். எனக்கு எதையும் கையால் எழுதினால்தான் புரியும்.

சாப்பாட்டு மேஜை முழுக்கத் தாள். டெல்ஃபினும் நானும் நின்றுகொண்டே சாப்பிட்டோம்.

பிப்ரவரி 24, ஞாயிறு

முடித்தேன். நான்கு பள்ளிகளிலும் சேர்த்து 2,114. அடிதடி முப்பத்தொன்று, வாத்தியாரை எதிர்த்துப் பேசியது இருநூற்றுச் சொச்சம். வராண்டாவில் மட்டும் ஆயிரத்து முந்நூறு! பெருமூச்சு, சிரிப்பு, கோட்டை விட்டு விலகியது, தும்மியவனுக்கு "ஆண்டவர் காப்பாராக" சொன்னது. கடைசியாகச் சொன்னது பதினான்கு முறை வருகிறது. நான் சொல்லிக் கொடுத்த பழக்கம்தானே இது?

மார்ச் 6, சாம்பல் புதன்

கார்னிவல் முடிந்தது. ஊர்வலத்தில் பிடித்த கழுத்துமணி மாலைகளைக் கூரையிலிருந்து இன்னும் இறக்கவில்லை. நெற்றியில் சாம்பல்.

தவக்காலத்துக்கு எதை விடுவது? போன வருடம் சர்க்கரையை விட்டேன். இந்த வருடம் பிரெஸ்டனைப் பற்றிக் குறை சொல்வதை விடுகிறேன். சர்க்கரை எளிதாக இருந்தது.

மார்ச் 14, வியாழன்

கூட்டத்தில் என் கணக்கை வாசித்தேன். பிரெஸ்டன் முகம் மலர்ந்தது. என்ன அருமையான விவரம், எத்தனை நேர்த்தியான அட்டவணை என்று பாராட்டினார். கட்டுப்பாடு எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்பதற்கு இதுதான் அத்தாட்சி, உரிமம் பார்க்க வருகிறவர்களிடம் காட்டலாம் என்றார்.

(தவக்காலம். ஒன்றும் எழுதவில்லை.)

அப்போது ஓட்டிஸ் அண்ணன், நாற்காலியைப் பின்னால் சாய்த்தபடி, சும்மா போகிற போக்கில் சொன்னதுபோல, "நாமளும் ஒருநாள் அந்தக் கோட்டு மேல நடந்து பாப்போமா? காலையில மணி அடிக்கறதுலேர்ந்து சாயங்காலம் வரைக்கும். பிள்ளைங்களுக்குப் போடற மாதிரி நமக்கும் புள்ளி போடட்டும்" என்றார்.

போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்று பிரெஸ்டன் உடனே ஒத்துக்கொண்டார். பீஸ்லி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, நடப்பதில் எனக்கென்ன கஷ்டம் என்றார். எனக்கு ஓட்டு இல்லாததால் புள்ளி எண்ணும் வேலை எனக்கு. அது முடிந்து ஒரு நாள் விட்டு, விதியை வைப்பதா எடுப்பதா என்று நால்வரும் முடிவு செய்வார்கள்.

டெல்ஃபினுக்கு முப்பத்தேழு.

மார்ச் 26, செவ்வாய்

இன்றைய நாளை எப்படி எழுதுவது? சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது. கூடவே அழுகையும்.

நால்வருக்கும் சீருடை: காக்கிக் கால்சட்டை, நீலச் சட்டை. ஓட்டிஸ் அண்ணன் அளவுக்கு நீலச் சட்டையே கிடைக்காமல் சமையல்காரர் சட்டையில் வந்தார். வாசலிலேயே ஒரு புள்ளி. அதற்குச் சிரித்தார், இரண்டாவது புள்ளி. வராண்டாவில் புள்ளி போடுகிறவள் ஒரு சின்னப் பெண், வேலைக்கு வந்து ஆறு மாதம்தான். முதலில் பயந்து பயந்து போட்டாள். பத்து மணிக்கெல்லாம் ருசி கண்டுவிட்டாள்.

பிரெஸ்டனுக்கு ஓடியதற்கு, போன் அடித்ததற்கு, பெருமூச்சுக்கு, பெருமூச்சு விடவில்லை என்று வாதாடியதற்கு. மதியத்துக்குள் எட்டு. சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்து, "மிஸ் எர்லீன், கடைசி ரெண்டும் கணக்குல சேருமா?" என்று கிசுகிசுத்தார். சாப்பாட்டு வரிசையிலும் பேசக்கூடாது. ஒன்பது.

லானுக்கு நான்கே நான்கு. முன்னால் போன சின்னப் பையன் ஒருவன் பென்சிலைக் கீழே போட்டான். குனிந்து எடுத்துக் கொடுத்தாள். கோட்டை விட்டு விலகியது, ஒன்று. அவன் நன்றி சொன்னான். அவனுக்கும் ஒன்று. லான் முகம் அப்படியே சிவந்துபோனது. அதன் பிறகு யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்தே நடந்தாள்.

மாலைக் கணக்கு: ஓட்டிஸ் பதினேழு, பிரெஸ்டன் பதினொன்று, லான் நான்கு.

டாக்டர் பீஸ்லி பூஜ்யம்.

அறுபத்தோரு வயது, முழங்கால் வலி, ஏழு மணி நேரம். ஒரு தும்மல்கூட இல்லை. ஆண்டவரே, அந்த அம்மாவுக்கு ஒரே ஒரு கொட்டாவியாவது கொடுத்திருக்கக்கூடாதா? (மன்னித்துக்கொள்ளும்.) எல்லோரும் பார்க்கத்தானே செய்தார்கள், முடியும் என்று காட்டிவிட்டார். இனி யார் வாயைத் திறப்பது? நானே கணக்கை வாசித்து, நானே புள்ளி எண்ணி, நானே என் மகளுக்குக் குழி வெட்டியிருக்கிறேன்.

பையைத் திறந்தேன். முப்பத்தொன்பது. டெல்ஃபின் என் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை. வீட்டிலும் பேசுவதில்லை இப்போதெல்லாம். இது எப்போது ஆரம்பித்தது?

மார்ச் 28, வியாழன்

எழுதுகிறேன், வரிசையாக எழுதுகிறேன், இல்லையென்றால் நம்ப மாட்டேன்.

விதியை எடுக்க வேண்டும் என்று ஓட்டிஸ் அண்ணன் கை தூக்கினார். பிரெஸ்டன் வேண்டாம் என்றார். காலையில் எட்டு, மதியத்துக்கு மேல் மூன்றுதானே, பாருங்கள், விதி வேலை செய்கிறது, நானே முன்னேறியிருக்கிறேன் என்று மனசாரச் சொன்னார். சிரிக்காமல் இருக்கக் கன்னத்தை உள்ளுக்குள் கடித்துக்கொண்டேன். லான் அந்தப் பென்சில் பையனைப் பற்றி இரண்டே வார்த்தை சொல்லிவிட்டுக் கை தூக்கினாள். எடுக்க இருவர், வைக்க ஒருவர். பீஸ்லி வைக்கச் சொன்னால் சமம். சமம் என்றால் விதி அப்படியே நிற்கும்.

பீஸ்லி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"நான் ஒரு தப்பும் பண்ணல. அன்னிக்கு வீட்டுக்குப் போனேன். என் வீட்டுக்காரர் இன்னிக்கு என்ன நடந்ததுன்னு கேட்டாரு. சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல எங்கிட்ட. என் பக்கத்துல ஒரு பொண்ணு நாள் பூரா நடந்தா. ஏழு மணி நேரம். அவ பேரு என்னன்னு எனக்குத் தெரியாது. இருபத்தெட்டு வருஷத்துல பேரு தெரியாம ஒரு பிள்ளையை நான் வீட்டுக்கு அனுப்பினதில்ல."

கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அடிதடியை நிறுத்தறதுக்குன்னு எழுதினேன். அது நின்னுது. கூடவே என்னென்னமோ நின்னு போயிருக்கு. எடுத்துடலாம்."

இந்த வருடத்து வராண்டாப் புள்ளிகள் எல்லாவற்றையும் அழிப்பது என்றும் சேர்த்தே முடிவானது. எனக்கு ஓட்டு இல்லை. மேஜைக்கு அடியில் செபமாலையை இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கையில் மணி மணியாகத் தடம்.

வெளியே வரும்போது பீஸ்லி என் தோளைத் தொட்டு, "எர்லீன், உன் மகளுக்கு இப்ப எத்தனை?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்தேன். ஆறு. காலுறை நிறம் மாறியது மூன்று, சூயிங்கம் இரண்டு, வாத்தியாரை எதிர்த்துப் பேசியது ஒன்று. கடைசியாகச் சொன்னதற்கு வீட்டிலும் ஒரு வாரம் பாத்திரம் கழுவ வைத்திருக்கிறேன்.

செய்தி கேட்டதும் அல்சீட் படகிலிருந்து சங்கு ஊதினாராம். யாருக்குக் கேட்டதோ.

ஏப்ரல் 1, திங்கள்

வராண்டாவில் பேசலாம் என்று இன்று காலை அறிவித்தார்கள். ஓட்டிஸ் அண்ணன் நீலக்கோட்டை உரித்தெடுத்தார். நானும் பார்க்கப் போயிருந்தேன். மணி அடித்தது. பிள்ளைகள் வெளியே வந்து, கோடு இருந்த இடத்திலேயே, வாயை மூடிக்கொண்டு நடந்தார்கள்.

முட்டாள்கள் தினக் கேலி என்று நினைத்திருப்பார்கள் என்றார் பிரெஸ்டன். அப்படித்தான் இருக்கும்.

ஏப்ரல் 3, புதன்

இன்றும் அப்படியே. காலடிச் சத்தம் மட்டும்.

பேசலாம்டி என்றேன் டெல்ஃபினிடம். "யார் முதல்ல பேசறதும்மா?" என்றாள்.

ஏப்ரல் 5, வெள்ளி

பீஸ்லி வராண்டாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிற பிள்ளைகளிடம் எல்லாம் பேர் கேட்கிறாராம். பதில் சொல்லாமல் தப்ப முடியாதே. லான்தான் சொன்னாள்.

ஏப்ரல் 29, திங்கள்

ஈஸ்டர் விடுமுறை முடிந்து இன்று பள்ளி திறந்தது. பீன்ஸை அடுப்பில் மிதமாக வைத்துவிட்டு, அடுத்த வருடச் சேர்க்கைப் படிவத்தைக் கொடுக்கப் போனேன். நேரம் பார்க்காமல் போனது என் தப்பு. வகுப்பு மாறுகிற மணி அடித்துவிட்டது.

அலுவலகப் பெண் எந்த வகுப்பு என்று கேட்டாள். சொன்னேன். "என்ன மிஸ் எர்லீன்?" என்று காதருகே கையை வைத்தாள். மறுபடி சொன்னேன். உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினாள். வராண்டாப் பக்கக் கதவைச் சாத்திப் பார்த்தாள், பிரயோஜனம் இல்லை. கடைசியில் சன்னலுக்குள் தலையை விட்டு, சர்ச்சில் பாட்டுக்குக்கூட எடுக்காத குரலில், எட்டு என்று கத்தினேன்.