நூற்று ஐம்பத்தைந்தே போதும்

திருவண்ணாமலை
ஐப்பசி, 1983

என் கண்ணு அர்ஜுனனுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை ரேணுகாம்பாளும் அண்ணாமலையார் பார்வையில் சுகமாக இருக்கிறோம். குவைத்து வெயிலில் உன் உடம்புக்கும் ஒரு குறை வரக்கூடாதென்று விளக்கு வைக்கும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். மழை பிடித்துக்கொண்டது, நம் கடலை மண்டியில் மல்லாட்டை ஈரம் தட்டிவிட்டதென்று அப்பாவுக்கு ஒரே புலம்பல். கார்த்திகை தீபத்துக்கு இப்போதே வெளியூர்க்காரர்கள் லாட்ஜில் இடம் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

உன் கடிதம் நேற்று வந்தது. என்னாலதான் ரேணுவுக்கு ஆபத்து வந்துச்சு, நான் அந்தக் கார்ச் சக்கரத்த அனுப்பியே இருக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கிறாய். படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. டயர் கிழிந்த கோபத்தில் அப்பா பாதியை எழுதிப் போட்டுவிட்டார், மீதியை நான் எழுதுகிறேன், பொறுமையாகப் படி. டயரைப் பற்றி அம்மாவுக்கு என்ன தெரியும் என்று சிரிக்காதே, கொஞ்ச நாளாக இந்த வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் அதே பேச்சுதான்.

கீழ்பென்னாத்தூர் டெலிபோன் ஆபீசில் ஆப்பரேட்டர் வேலைக்கு ஆர்டர் வந்தபோது உன் தங்கை எவ்வளவு சந்தோஷப்பட்டாள் என்று அப்போதே எழுதியிருந்தேன். சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. இளம்பிள்ளை வாதத்தில் கால் இரண்டும் போனதிலிருந்து கையை ஊன்றியே வீடு முழுக்கப் போய் வருகிறவள், யாராவது தூக்கினால் அவளுக்கு ஆகாது. நம்முடைய பழைய பியட் காரோ அவள் கைக்கு எட்டாத உயரம். அப்பா ஒரு பக்கமும் மண்டி ஆள் சடையன் ஒரு பக்கமுமாகத் தூக்கி உட்கார வைப்பார்கள், அங்கே போய் ஆபீஸ் வாசலில் அத்தனை பேர் பார்க்கத் தூக்கி இறக்குவார்கள். ஒரு நாள் சாயந்திரம் வந்தவள், மூட்ட எறக்கற மாதிரி எறக்கறாங்கம்மா, நான் வேலைக்குப் போகலன்னு சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் மெக்கானிக் அப்பாசாமி முன்பக்கத்துச் சுருள் ஸ்பிரிங்கில் கொஞ்சம் வெட்டி, பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகளின் வளைவைத் தட்டிக் குறைத்து, அவள் கைக்கு எட்டும்படி காரை இறக்கிக் கொடுத்தார். இறக்கியதும் பழைய பதினாலு அங்குலச் சக்கரம் மட்கார்டில் உரச ஆரம்பித்தது. அந்தச் சமயத்தில்தான் நீ உன் பட்டறையில் பார்த்து, பதின்மூன்று அங்குல அலுமினியச் சக்கரம் நாலையும் சினேகிதன் மூலமாக அனுப்பினாய். போல்ட் ஓட்டை நாலும் அப்படியே பொருந்திவிட்டது, தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

நீ எழுதியபடியே அகலமான நூற்று அறுபத்தைந்து மில்லிமீட்டர் டயரைத்தான் அப்பாசாமி மெட்ராஸ் புதுப்பேட்டையிலிருந்து வாங்கி வந்து போட்டார். வீட்டு வாசலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்க்கலாம் என்று நாங்கள் மூன்று பேரும் சடையனும் கிளம்பினோம். சும்மா போவானேன் என்று அப்பா டிக்கியில் இரண்டு மூட்டை விதை மல்லாட்டையையும் ஏற்றிக்கொண்டார், அதை உனக்கு எழுதியிருக்க மாட்டார். கீழ்பென்னாத்தூருக்கு முன்னால் ஒரு பள்ளத்தில் இறங்கியதும் பின்பக்கம் படாரென்று சத்தம், ரப்பர் கருகிய நாற்றம், கார் ஒரு இழுப்பு இழுத்துப் புளியமரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. பாரத்தில் கார் இறங்கி, வெளியே துருத்திக்கொண்டிருந்த டயரை மட்கார்டு விளிம்பு அறுத்துவிட்டது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லையடா கண்ணு.

அப்பாவும் சடையனும் நடு ரோட்டில் ஒருத்தரை ஒருத்தர் குற்றம் சொல்லிக்கொண்டு நிற்கிறார்கள், நான் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டு நிற்கிறேன். திரும்பிப் பார்த்தால் ரேணு தரையில், சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். யாரும் இறக்கவில்லை, அவளாகவே கையை ஊன்றி இறங்கிவிட்டாள்! மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. நாளைக்கே கார பழையபடி தூக்கிடறேன், உசுரு போனா வருமான்னு கத்தினார். அவள் தலையை நிமிர்த்தாமலேயே, தூக்காதீங்கப்பா, கார தூக்குனா என்னையும் தூக்கணும்னு சொன்னாள். அப்பா போய் ஜாக்கியை எடுத்து வந்தார். ஸ்டெப்னியாக வைத்திருந்த பழைய சக்கரத்தை மாட்டி ஊர்ந்துகொண்டே வீடு வந்தோம்.

மறுநாள் அப்பாசாமி வந்து பார்த்தார். ஒல்லியா நூத்தி அம்பத்தஞ்சு டயரு இருக்குது, போட்டா உள்ள எடம் கெடைக்கும், ஆனா டயரு உசரமும் கம்மி, வண்டி இன்னும் ஒரு விரக்கடை எறங்கும், சைலன்சர் தரையில இடிச்சாலும் இடிக்கும், பாரம் ஏத்தவே கூடாதுன்னு சொன்னார். அப்பா யோசித்துக்கொண்டே இருந்தார். இன்னும் எறங்குமா, அப்ப அதுவே போதுங்கன்னு ரேணு முந்திக்கொண்டாள். அப்பா எழுந்து டிக்கியிலிருந்த மண்டிச் சாக்கையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டார், அதுதான் அவர் சம்மதம். இனிமேல் மூட்டையெல்லாம் மாட்டு வண்டியில்தான். நாலு பேராக ஏறி அதே பள்ளத்தில் இறக்கிப் பார்த்துவிட்டோம், எங்கும் உரசவில்லை. டயர் சின்னதானதால் ஸ்பீடாமீட்டர் முள் இப்போது ஜாஸ்தியாகக் காட்டுகிறதாம், அப்பா பயந்துகொண்டு மெதுவாகப் போகிறார், எனக்கு அதில் ரொம்ப நிம்மதி.

போன திங்கட்கிழமை மறுபடியும் வேலைக்குப் புறப்பட்டாள். கதவைத் திறந்ததும் அப்பா பழக்கத்தில் குனிந்து இரண்டு கையையும் நீட்டினார். கைய எடுங்கப்பான்னு மெதுவாகச் சொன்னாள். கதவடி விளிம்பில் ஒரு கை, சீட்டில் ஒரு கை ஊன்றி ஒரே எம்பாக எம்பி உள்ளே போய் உட்கார்ந்து, புடவையைச் சரி பண்ணிக்கொண்டு கதவைத் தானே சாத்திக்கொண்டாள். அப்பாவுக்குத் தன் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. தோள் துண்டை எடுத்து, சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அதனால் மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. நீ அனுப்பியது சக்கரம், எந்த டயர் என்பது இங்கே ஓட்டிப் பார்த்துத்தான் தெரிய வேண்டியிருந்தது. நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரியில் பட்டறையிலேயே படுத்துவிடாதே. அந்த அண்ணாமலையார் உன்னை நோய் நொடியில்லாமல், நீண்ட ஆயுசோடு வைத்திருக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, ரேணுவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. அதில் மன்னித்துக்கொள் என்று எழுதாதே. வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா
ஆதிலட்சுமி