மழை பெய்யாத நாளும் அளக்காத நாளும்

மதினி,

இன்று காலை மேசையைத் துடைக்கும்போது உங்கள் நூல் கோன் கீழே விழுந்து கட்டிலுக்கடியில் உருண்டது. அண்ணன் தறிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த நூல் தீர்ந்த வெறும் அட்டைக் கோன்தான். அதன் கூர்முனையை வெட்டிவிட்டு, பக்கத்தில் பிளேடால் ஒரு பள்ளம் கீறி, போனைச் சாய்த்து நிறுத்தும்படி செய்தவர் நீங்கள். அலுவலகத்திலிருந்து நல்ல ஸ்டாண்ட் ஒன்று அனுப்பினார்கள். அது பெட்டியோடு அலமாரியில் இருக்கிறது. நான் கோனை எடுத்து, தூசி ஊதி, பழைய இடத்திலேயே வைத்தேன்.

நான் கல்லூரியில் கடைசி வருடம் படித்தபோது, எங்களை வேலைக்குத் தயார்செய்ய வேண்டுமென்று இணையவழியில் ஒரு பாடம் சேர்த்தார்கள். பெரிய அட்டவணைகளைப் படித்து அதிலிருந்து முடிவு சொல்லும் பாடம். வாரத்தில் மூன்று சாயங்காலம் நேரலை வகுப்பு. சார் சென்னையிலிருந்து பேசுவார். நம் வீட்டில் வீடியோ ஓடும் போன் உங்களுடையது ஒன்றுதான். கேட்க எனக்குத் தயக்கமாக இருந்தது. நீங்களே எடுத்துவந்து கோனில் நிறுத்தினீர்கள்.

"போனத் தாரேன். ஆனா போன் இருக்க எடத்துல நானும் இருப்பேன். சரியா?"

அப்படித்தான் ஆரம்பித்தது. நான் நோட்டோடு கேமராவுக்கு நேரே உட்காருவேன். தறிக்கூடத்திலிருந்து கட்டுக்கட்டாக வரும் துண்டுகளை மடியில் போட்டு, ஓரத்தில் நீளும் பிசிறு நூலைக் கத்தரித்தபடி நீங்கள் பக்கவாட்டில் சுவரோரம் உட்காருவீர்கள். அண்ணன் ஷிப்ட் முடிந்து வந்து எட்டிப் பார்ப்பான். "மாப்பிள்ள போட்டோ பாக்குத மாதிரி ரெண்டு பேரும் என்னத்த இப்படி உத்துப் பாக்கீங்க?" என்பான். "பேசாம போங்க, சாரு முக்கியமான எடத்துல இருக்காரு" என்று நீங்கள் விரட்டுவீர்கள்.

பன்னிரண்டாவது முடித்த கையோடு இளையரசனேந்தலிலிருந்து கல்யாணமாகி வந்தவர் நீங்கள். என்னைவிட ஐந்து வயதுதான் மூப்பு. உங்களுக்கு இங்கிலீஷ் முழுதாகப் பிடிபடாது. சார் பாதித் தமிழில் பேசியது உங்களுக்குப் போதுமாக இருந்தது.

மூன்றாவது வாரம் சராசரி நடந்தது. பயிற்சிக்கு ஒரு மழை அட்டவணை கொடுத்திருந்தார். எல்லா வருட மழையையும் கூட்டி, வருடங்களால் வகுத்து, இதுதான் அந்த ஊரின் மழை என்றார். உங்கள் கத்தரி நின்றது.

"ஏட்டி, அது எந்த வருசம்?"

"எது மதினி?"

"அவரு சொல்லுத மழை. எங்க ஊர்ல ஒரு வருசம் வெள்ளாமையக் கொண்டுபோயிரும், மறு வருசம் ஒரு பொட்டு இருக்காது. ரெண்டையும் கூட்டி நடுவுல ஒண்ணச் சொல்லுதாரே, அந்த மழை பெய்ஞ்ச வருசத்த நான் பாத்ததே இல்ல. கேளு."

"நான் கேக்க மாட்டேன்."

"வாயத் தொறக்காண்டாம். எழுதிப் போடு."

எழுதிப் போட்டேன். சார் என் பெயரை வாசித்து, இந்த வகுப்பில் இதுவரை வந்த நல்ல கேள்வி இதுதான் என்று சொல்லி, அடுத்த அரை மணி நேரம் அதற்கே பதில் சொன்னார். நீங்கள் சிரிப்பை அடக்கத் துண்டை வாயில் வைத்துக்கொண்டீர்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

அதன் பிறகு வாரம் ஒரு கேள்வியாவது என் பெயரில் போய்க்கொண்டிருந்தது. மைக்கை ஒருநாளும் திறக்காத பெண், ஆனால் கேள்வி கேட்டால் அவள்தான் கேட்க வேண்டும் என்று கல்லூரியில் பேச்சாகிவிட்டது. எனக்கு உறுத்தியது. ஒருநாள் சொல்லியும் பார்த்தேன்.

"கேள்வி யாரு கேட்டா என்னட்டி? பதிலு ரெண்டு பேரு காதுலயும்தான விழுது" என்று சொல்லிவிட்டு அடுத்த துண்டை எடுத்தீர்கள்.

கடைசியில் செய்முறை வேலை வந்தது. அந்த மழை அட்டவணையை ஆராய்ந்து கேமரா முன்னால் விளக்க வேண்டும். ஒரு நிறுவனத்திலிருந்தும் வந்து கேட்பார்கள், பிடித்தால் வேலை தருவார்கள் என்றார்கள். நம் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். இது கிடைக்காவிட்டால் வீட்டில் அடுத்த பேச்சு கல்யாணம்தான் என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும்.

அதற்கு இரண்டு நாள் முன்பு, என் அட்டவணையைப் போனில் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"இதென்ன, ஐப்பசில தொடந்து நாலு நாளு சைபரு? முந்துன நாளும் பெருமழை, பிந்துன நாளும் பெருமழை. நடுவுல நாலு நாளு சுள்ளுன்னு வெயிலா?"

"கட்டம் காலியா இருந்துச்சு மதினி. காலியா இருந்தா சைபர் போட்டுக்கிடலாம்னு வீடியோல சொன்னாங்க."

நீங்கள் கத்தரியைக் கீழே வைத்தீர்கள்.

"மழை பெய்யலையா, அளக்குத ஆளு வரலையா?"

உங்கள் ஊரில் பெருமழை என்றால் ஓடை நிரம்பிவிடும், அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கு ஆள் வர முடியாது என்று சொன்னீர்கள். நல்லா பெய்யுத அன்னைக்குத்தான் அளக்குத ஆளால வர முடியாது, நீ அந்த நாளையெல்லாம் காய்ஞ்ச நாளா ஆக்கிட்ட என்றீர்கள். அட்டவணை முழுவதும் தேடினேன். காலிக் கட்டங்களில் பாதிக்கு மேல் மழைக்காலத்தில் இருந்தன. அந்த இரண்டு நாளும் உட்கார்ந்து, பக்கத்து ஊர்களின் மழைமானி அளவைத் தேடி எடுத்து ஒப்பிட்டு, எது பெய்யாத நாள், எது அளக்காத நாள் என்று தனித்தனியாகப் பிரித்து எழுதி, அளக்காத நாட்களின் கட்டங்களைக் காலியாகவே விட்டேன்.

விளக்க வேண்டிய நாளன்று கேமரா திறந்திருந்தது. நிறுவனத்திலிருந்து வந்த அம்மா என் அட்டவணையைப் பார்த்துக் கேட்டார்: "எல்லாரும் சைபர் போட்டிருக்காங்க. நீங்க மட்டும் ஏன் காலியா விட்டீங்க?"

காரணத்தைச் சொன்னேன். குரல் நடுங்கியது, ஆனாலும் சொன்னேன்.

"நல்லா இருக்கு. இது எப்படித் தோணுச்சு உங்களுக்கு?"

எனக்குத் தோன்றியது என்று சொல்லிவிட்டிருக்கலாம். கேமராவுக்கு இந்தப் பக்கம் நீங்கள் கத்தரி பிடித்த கையை வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டிக்கொண்டிருந்தீர்கள். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"எனக்குத் தோணல மேடம். என் மதினிக்குத் தோணுச்சு. வகுப்புல நான் எழுதிப் போட்ட கேள்வியெல்லாமும் அவங்களோடதுதான்."

சார் முகம் திரையின் மூலையில் அசையாமல் இருந்தது. எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

"அவங்க எங்க வேலை பாக்கறாங்க?" என்றார் அந்த அம்மா.

"வீட்டுலதான். துண்டுக்குப் பிசிறு வெட்டுதாங்க."

அந்த அம்மா குனிந்து எதையோ குறித்துக்கொண்டார். பிறகு அவர், "சரி. அவங்க கேட்டாங்க. அப்புறம் நீங்க என்ன செஞ்சீங்க? அதைச் சொல்லுங்க" என்றார்.

அது என் வேலை. அதில் ஒவ்வொரு கட்டமும் எனக்குத் தெரியும். ஒப்பிட்ட விதத்தையும், நான் சந்தேகப்பட்ட இடங்களையும், தெரியாது என்றே எழுதிவைத்த இடங்களையும் சொன்னேன். முடித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான், இவ்வளவு நேரம் பேசியது நான்தான் என்பது எனக்கே உறைத்தது.

மைக்கை மூடியதும் முதுகில் ஒரு அடி வைத்தீர்கள். "கூறு கெட்டவளே! என்னய எதுக்குட்டி உள்ள இழுத்த?" திட்டிக்கொண்டே அடுக்களைக்குப் போய்க் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தீர்கள். வேலை கிடைத்துவிட்டது என்ற செய்தி எட்டு நாள் கழித்து வந்தது. கல்லூரிகளுக்கு இணையவழிப் பாடம் செய்துகொடுக்கும் நிறுவனம் அது. யார் எவ்வளவு படிக்கிறார்கள் என்ற கணக்கைப் பார்ப்பது என் வேலை.

அதற்கடுத்த வருடம் நீங்களே ஒரு பட்டப்படிப்புக்கு இணையத்தில் விண்ணப்பித்தீர்கள். சான்றிதழ் எடுக்க ஊருக்குப் போய் வந்தீர்கள். படம் சரியான அளவில் ஏறவில்லை என்று நான்கு முறை எடுத்தோம். நான்காவதில் நீங்கள் முறைத்துக்கொண்டிருப்பீர்கள், அதுதான் ஏறியது. பாடம் தொடங்குவதற்குள் அந்த மழைக்காலத்துக் காய்ச்சல் உங்களைப் பத்தே நாளில் கொண்டுபோய்விட்டது.

பல நாள் கழித்து, அந்தப் படிப்புக்கான உங்கள் கணக்கை இணையத்தில் திறந்து பார்த்தேன். முறைக்கிற அந்தப் படம். அதன் கீழே, முதல் பாடம்: சைபர் விழுக்காடு. நான் படித்த வகுப்பின் பதிவிலோ உங்கள் பெயரில் ஒரு வரிகூடக் கிடையாது. இரண்டு கணக்கையும் வைத்துப் பார்க்கிறவர்கள் இந்தப் பெண் ஒன்றும் படிக்கவில்லை என்றுதான் சொல்வார்கள். இன்னும் பேச்சு வராமல் நான் அந்தத் திரையை மூடுகிற நாட்கள் உண்டு.

ஆனால் இன்று காலை பேச்சு வந்தது, மதினி. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மூன்று வாரமாகச் சைபரில் நிற்கிற மாணவிகளின் பட்டியல் வந்தது. விருப்பமில்லாதவர்கள் என்று நீக்கிவிட்டு, காத்திருப்பவர்களுக்கு இடம் கொடுப்பது வழக்கம். மேலாளர் நடத்திய இணையவழிக் கூட்டத்தில் எல்லோரும் சரி சொன்னார்கள். நான் கோனில் நின்ற போனைப் பார்த்தேன். மைக்கைத் திறந்தேன்.

"சார், இந்தப் பட்டியல இன்னைக்கு அனுப்பாதீங்க. ஒரு வாரம் குடுங்க. அவங்க படிக்கலையா, நம்மால அளக்க முடியலையான்னு நான் பேசிப் பாக்கணும்."

குரல் நடுங்கவில்லை. ஒரு வாரம் கிடைத்தது.

மத்தியானத்துக்குள் ஏழு பேருக்குப் போன் போட்டேன். இரண்டு பேர் நிஜமாகவே விட்டுவிட்டார்கள், கல்யாணம். ஒருத்தி எடுக்கவே இல்லை. மூன்று பேருக்கு உள்ளே நுழையும் வழியே தெரியவில்லை. ஏழாவது பெண் மேலநீலிதநல்லூர்ப் பக்கம். எடுத்ததும் பயந்துபோனாள்.

"அக்கா, நான் படிக்காம இல்லக்கா. எங்க சித்தி மகளும் இதே பாடந்தான். அவ பேர்ல உள்ள போயி ரெண்டு பேரும் ஒரே போன்ல பாக்கோம். தனித்தனியா பாத்தா நெட்டு தீந்திரும்லா. எம்பேர எடுத்துருவீங்களாக்கா?"

"எடுக்க மாட்டேன்" என்றேன். "எந்தப் பாடம் வரைக்கும் வந்திருக்கீங்க?"

சரியாகச் சொன்னாள். பட்டியலில் அவள் வரியில் இருந்த சைபரை அழித்து, காரணத்தை எழுதிக்கொண்டிருந்தேன். அப்போது அவள் பக்கத்திலிருந்து இன்னொரு குரல், எங்கள் இருவரையும்விட வயது கூடிய ஒரு பெண்ணின் குரல், அடக்கமாகக் கேட்டது.

"ஏட்டி, அந்தச் சந்தேகத்தையும் கேட்டிரு."

"சும்மா இரும்மா நீ" என்று இவள் பல்லைக் கடித்தாள். "ஒண்ணுமில்லக்கா, எங்கம்மா. பக்கத்துல பீடி சுத்திக்கிட்டே கேட்டுக்கிட்டு இருக்கும்."

நான் போனைக் கோனிலிருந்து கையில் எடுத்தேன்.

"போனை அம்மாட்ட குடு" என்றேன்.