கூப்பன் மூட்டையில் அவள் பெயர்

மார்ச் 3

புதுக் கப்பலுக்குப் பெயர் வைக்கும் போட்டி அறிவித்து ஒரு வாரம்தான் ஆகிறது. அதற்குள் மூன்று மூட்டை கூப்பன். பிரிக்க நான் ஒருத்தி. எங்கள் கம்பெனியின் சுற்றுலாக் கப்பல்கள் எல்லாம் 'ராணி' என்றே முடியும் - முத்து ராணி, அலை ராணி. முன்பாதியை மக்கள் எழுதி அனுப்ப வேண்டும். ஒரு மகராசன் மாமியார் பெயரை எழுதி, 'எந்தப் புயலுக்கும் அசைய மாட்டார்' என்று உத்தரவாதமும் கொடுத்திருக்கிறார். சிரித்துக்கொண்டே அடுத்ததைப் பிரித்தேன்.

அவள் பெயர்.

உருண்டை உருண்டையான எழுத்து. கப்பலில் நாங்கள் ஒரே அறையில் இருந்தபோது அவளுக்கு வீட்டிலிருந்து வரும் பார்சல் மேல் இருக்குமே, அதே எழுத்து. அவளுடைய அம்மா. அதே மூட்டையில் இன்னும் நாற்பத்தொன்று, எல்லாம் அதே கை, அதே பெயர். அப்புறம் நான் வேலையே பார்க்கவில்லை.

மார்ச் 4

இன்று அறுபத்திரண்டு.

மார்ச் 9

எழுதித் தொலைக்கிறேன். இதை யார் படிக்கப்போகிறார்கள்.

நான்கு வருடத்துக்கு முன் நானும் அவளும் கப்பலில் பயணிகள் அறையைச் சுத்தம் செய்கிறவர்கள். பின்தளத்தில், ஓரக் கம்பியில் சின்னதாக ஒரு கதவு உண்டு. கரையில் நிற்கும்போது சாமான் ஏற்றுவதற்கு. அதைத் திறந்து வெளி விளிம்பில் நின்றால்தான் போனில் சிக்னல் கிடைக்கும். திறக்கக் கூடாது என்று போர்டு தொங்கும், எல்லோரும் திறப்போம். அன்று மத்தியானம் நான் போய்ப் பேசிவிட்டு வந்தேன். கொக்கியை மாட்டினேனா? மாட்டல. மாட்டல, மாட்டல. கதவை இழுத்துச் சாத்தினதோட சரி. அரை மணி கழித்து அவள் ஈர மாப்புகளைக் காயப்போடப் போனாள். அந்தக் கதவில் சாய்ந்திருக்க வேண்டும். மாப்புகள் மட்டும் கிடந்தன.

விசாரணையில் என்னிடம் கேட்டார்கள்: "மனசு சரியில்லாம இருந்தாங்களா?" "ரெண்டு நாளா அழுதுக்கிட்டே இருந்தா சார்" என்றேன். அழுதது நிஜம். கடைவாய்ப் பல் வலி. அதைச் சொல்லவில்லை. கொக்கியையும் சொல்லவில்லை. 'தானாகக் குதித்தார்' என்று எழுதி மூடினார்கள். அடுத்த மாதமே எனக்குக் கரையில் மேசை வேலை.

கம்பெனிக் கோப்பில் அவளுக்கு வேறு பெயர். கூப்பனில் வருவது வீட்டில் கூப்பிடும் பெயர். இந்தக் கட்டடத்தில் அது தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

மார்ச் 13

லிஃப்டில் யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். திரும்பினால் ஒருவருமில்லை. இருந்தது நானும் கண்ணாடியும்.

மார்ச் 17

எண்ணி முடித்தாயிற்று. அவள் பெயருக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு. மேலாளருக்குத் தலைகால் புரியவில்லை. "சின்னப் பேரு. எந்த நாட்டுக்காரன் வாயிலயும் உடையாது. இதேதான்!"

"எல்லாம் ஒருத்தரே அனுப்பினது சார்."

"அனுப்பட்டுமே! எத்தனை வேணா அனுப்பலாம்னு நாமதானே போட்டோம். பேப்பர்காரங்களுக்கு அல்வா மாதிரி செய்தி."

ஜெயித்த பெயரை அனுப்பியவர்தான் பெயர் சூட்டும் சடங்கில் மேடையேறிக் கப்பல் மேல் ஷாம்பெயின் பாட்டிலை உடைக்க வேண்டும். உங்கள் மகள் குதித்துச் செத்தாள் என்று எழுதிக்கொடுத்த கம்பெனிக்கு அந்த அம்மா கைகூப்பி நன்றி சொல்லுவார். பக்கத்தில் பூங்கொத்தோடு நான் நிற்பேன். நிற்பேனா? சம்பளத்துக்கு நின்றாலும் நிற்பேன். அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 18

எழுத்து வரைகிற பெண் அவள் பெயரை நீலத்தில் வரைந்து சுவர் முழுக்க ஒட்டிவிட்டாள். ஆள் உயரத்துக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று, உயிர்காப்பு வளையத்துக்கு ஒன்று. வளையத்துல போய் அவ பேரு! "எப்படிக்கா இருக்கு?" என்றாள். "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு, அந்தச் சுவர் கண்ணில் படாதபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

மார்ச் 20

முதலிடத்துக்கு வந்தவருக்கு நான்தான் போன் செய்ய வேண்டும். செய்தேன்.

"இந்தப் பேரு உங்களுக்கு யாரும்மா?" - தெரியாதவள் மாதிரி கேட்டேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"எம் பொண்ணும்மா. உங்க கப்பல்லதான் வேலை பார்த்தா. எத்தனையோ லெட்டர் போட்டேன், ஒண்ணுக்கும் பதில் இல்ல. கூப்பன்னா யாராவது பிரிச்சுப் படிச்சுத்தானே ஆகணும்? ஒரு தடவையாவது அவ பேரை அங்க ஒருத்தர் படிக்கட்டும்னுதான்."

"நான் படிச்சேம்மா."

"ரொம்ப சந்தோஷம்மா. நல்லா இருப்ப."

மார்ச் 24

ஆபத்து வந்தால் கப்பல் தன் பெயரை வயர்லெஸில் மூன்று முறை சொல்ல வேண்டும். அதற்காக எந்தப் பெயரானாலும் எங்களிடம் ஒரு சோதனை உண்டு. ஓய்வுபெற்ற கேப்டன் ஒருவர் மேல்மாடியிலிருந்து வயர்லெஸ் பெட்டியில் பெயரைச் சொல்வார். கீழே இரைச்சலுக்கு நடுவே கேட்டு, நான் பதில் கொடுக்க வேண்டும்.

கரகரவென்று இரைச்சல். அவள் பெயர். மறுபடியும். மறுபடியும். அன்றைக்குத் திறந்து ஆடிக்கொண்டிருந்த கதவுக்கிட்ட நின்னு நானும் மூணு தடவைதான் கூப்பிட்டேன். நாலாவது தடவை கூப்பிடப் பயந்துக்கிட்டு ஓடி வந்துட்டேன்.

"கேக்குதா? பதில் சொல்லுங்க" என்றது பெட்டி. பட்டனை அழுத்தினேன். விட்டுவிட்டேன், மறுபடி அழுத்தினேன், மறுபடி விட்டுவிட்டேன். கேப்டன் பதறிப்போய்ப் படியிறங்கி வந்தார்.

"பேரு தெளிவா விழலையாம்மா?"

"தெளிவா விழுந்துச்சு சார்."

"அப்புறம் ஏன் அழுறீங்க?"

மார்ச் 25

பெயர்ச் சரிபார்ப்புத் தாளில் கடைசிக் கேள்வி: 'இந்தப் பெயரால் நம் கம்பெனிக்குச் சங்கடம் உண்டா?' வழக்கமாக 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். இன்று 'உண்டு' என்று எழுதினேன். இடம் போதாமல் தாளைத் திருப்பி எழுதினேன் - சிக்னல், கொக்கி, பல் வலி, நான் சொன்னது, சொல்லாமல் விட்டது.

மேலாளர் இரண்டு தடவை படித்தார். எழுந்து கதவைச் சாத்தினார். "கிழிச்சுப் போட்டுட்டு வேற பேரு எடுத்துக்கலாம். உங்களுக்கும் அதான் நல்லது."

"நகல் எடுத்து வெச்சிருக்கேன் சார்."

என் குரல்தானா அது?

மார்ச் 28

வேலை போயிற்று. கப்பலுக்கு 'வைர ராணி' என்று முடிவாகிவிட்டதாம்.

ஏப்ரல் 2

அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

கேட்டு முடித்ததும் சொன்னார். "அன்னிக்குக் காலையில போன்ல, லீவு கிடைக்கலன்னு சொன்னா. 'அப்ப நீ வரவே வராத போ'ன்னு கத்தி வெச்சுட்டேன். அந்த வார்த்தைக்குத்தான் குதிச்சுட்டான்னு நாலு வருஷமா..." முடிக்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் ஒரு கொக்கியை மறைத்ததாகத்தான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "கொக்கியை நீ வேணும்னு விடல. அழுதான்னு மட்டும் வேணும்னுதானே சொன்ன?"

"ஆமாம்மா."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஏப்ரல் 6

காலையில் அவரே போன் செய்தார். "விசாரணை ஆபீஸ் எங்க இருக்குன்னு தெரியுமா? கூட்டிட்டுப் போ."

பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலியாக இருந்தது. அவர் முன்னால் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டார். இறங்கும்வரை திரும்பவில்லை. ஆபீஸில் அதிகாரி என்னைக் காட்டி, "இவங்க உங்களுக்கு என்ன வேணும்?" என்று அவரைக் கேட்டார்.

"எம் பொண்ணுகூட ஒரே ரூம்ல இருந்தவ" என்றார் அம்மா. "சொல்லுவா. ஒரு வார்த்தை விடாம எழுதிக்குங்க."