பசித்தவன் சொன்ன ‘சூப்பர்’

அக்கா, இன்று காலை கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் ஊறுகாயை ஸ்பூனில் நீட்டி, “எப்டி கீது ஆயா?” என்றாள். உப்புக் கரித்தது. “சூப்பர்மா” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். ஏறியதும் உன் நினைப்பு வந்தது. கூடவே கோபமும்.

நீயும் இப்படித்தான் ஏமாந்தாய். நான் வாழ்க்கைப்பட்ட வீட்டுக்கு மூத்த மருமகளாயிற்றே, சாப்பாடு ஆக்கி விற்கலாம் என்கிறாயே என்று உன்னை நம்பி, இறால் உரிக்கிற வேலையை விட்டேன். சூப்பர்வைசரைத் திட்டிவிட்டு வேறு வந்திருந்தேன். திரும்பிப் போக வழியில்லை. நீ ஒரு வாரம் வேறொரு கம்பெனி கேட்டில் நின்று, சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்கெல்லாம் மீன் குழம்பும் சோறும் ருசி காட்டினாய். அத்தனை பேரும் “சூப்பர்” என்றார்கள். எட்டாம் நாள் காலை நூறு பேருக்கு ஆக்கிக்கொண்டு போனோம்.

“உள்ள கேன்டீன்லயே போடறாங்கோக்கா,” என்று சிரித்துக்கொண்டே போனார்கள்.

மூன்று நாள் நம் தெருவே மீன் குழம்பு தின்றது. கடைசியில் நாய்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“பசியோட வெளிய வர்றவன் கல்லைக் குட்த்தாகூட சூப்பருன்னுதான்க்கா சொல்வான்!”

“அத்த முன்னாடியே சொல்றதுக்கு இன்னாமே?” என்றாய்.

முன்னாடியே சொன்னேன். செவ்வாய்க்கிழமை, முருங்கைக்கீரை உருவும்போது.

மறுநாள் வெறுங்கையோடு கேட்டுக்குப் போனாய். குழம்பைப் பற்றிப் பேசவேயில்லை. “நேத்து ஊட்டுக்குப் போய் இன்னா துன்னே?” என்று மட்டும் கேட்டாய். ரூம் எடுத்துத் தங்கியிருந்தவர்கள் பிஸ்கட் என்றார்கள், பன் என்றார்கள்.

“வோணும்னா காலைல தூக்குச்சட்டியைக் குட்த்துட்டுப் போ. சாயங்காலம் ரொப்பி வெச்சிருப்பேன்.”

நாலு தூக்கு வந்தது. நான் சிரித்தேன்.

“வாய் பொய் சொல்லும்மே. தூக்கைக் குட்த்தவன் திரும்பி வந்துதான் ஆவணும்,” என்றாய்.

நாலு நாற்பதானது. சூப்பர்வைசர் முகத்தில் நான் விழிக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் அந்த நூறு சாப்பாட்டை “அது டெஸ்டிங்” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டாயே, அதை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை.

உன் பதினாறாம் நாள் காரியத்தில் ஆளாளுக்கு என் கையைப் பிடித்து, “நீ நடத்தும்மா, நாங்க வர்றோம்” என்றார்கள். ஒருவர் வார்த்தையையும் நான் நம்பவில்லை. உன் கை ருசிக்கு வந்தவர்கள் என் கைக்கு வருவார்களா? மறுநாள் விடிந்ததிலிருந்து அரிசி மூட்டையைப் பிரிக்காமல் வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

ஏழு மணிக்கு ஒரு தூக்கு வந்தது. கழுவாத தூக்கு. நீ கடைசியாக ஊற்றிய குழம்பு அடியில் காய்ந்து ஒட்டியிருந்தது. அவனைத் திட்டிக்கொண்டே தேய்த்துக் கழுவி, ஒரே ஒரு ஆளுக்கு அரிசி அளந்தேன்.

இன்றுவரை வாசலில் இருக்கிற தூக்கை எண்ணாமல் நான் அரிசி அளக்கிற படியைக் கையில் எடுத்ததில்லை, அக்கா.