ஆறு காலி இடங்கள்

செஞ்சி,
12-10-1966

அன்புள்ள காஸ்பர்,

நான் நலம். உன் நலத்தை விசாரித்துத் தொடங்குவதுதான் முறை. இன்று கை அதற்கு நிற்கவில்லை. இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். மெட்ராசில் உன் அறையில் யாரும் இல்லாதபோது இதைப் படி.

நேற்று உன் அம்மா எங்கள் தாலுகா ஆபீசுக்கு வந்திருந்தார்கள். வீட்டுமனைப் பட்டா கைக்கு வந்துவிட்டதாம். முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினார்கள். வல்லம் ரோட்டோரம் அளந்து கல் நட்டார்களே, அந்த மனை என்றே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பட்டாவில் இருப்பது அது இல்லை. ஏரிக்கு உட்புறம், ஐப்பசியில் இடுப்பளவு தண்ணீர் நிற்குமே, அந்தப் பள்ளம். உங்கள் தெருவில் தனகோட்டிக்கு மட்டும் ரோட்டோரம். மற்ற ஆறு குடும்பத்துக்கும் பள்ளம்.

அந்தப் பட்டியலை டைப் அடித்தவன் நான்.

ஊர்க் கணக்குப்பிள்ளை கையால் எழுதித் தந்ததில் முதல் பெயர் தனகோட்டி, சர்வே எண் 112. கீழே ஆறு பெயருக்கும் எண் இல்லை. மேற்படி என்பதற்கு ௸ என்று போட்டிருந்தார். கையால் எழுதுவதால் எனக்கும் இங்கே போட முடிகிறது. ஆபீஸ் டைப் மிஷினில் அந்த எழுத்து கிடையாது. இன்ஸ்டிட்யூட்டில் நாம் இருவரும் 'ஷை' என்று அடித்து ஒப்பேற்றுவோமே, அப்படியே ஆறு வரியிலும் அடித்தேன்.

ஹெட் கிளார்க் ரங்கநாதன் பார்த்தார். சர்க்கார் தாளில் இது என்ன கிறுக்கல் என்று கசக்கி எறிந்தார். ஆறு இடத்தையும் காலியாக விட்டு மறுபடி அடிக்கச் சொன்னார். "மிஷின்ல இல்லாத எழுத்தெல்லாம் என் பேனாவுல இருக்குது, நீ போடா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆறு இடத்திலும் அவர் பேனா எழுதியது 118, பள்ளத்தின் எண்.

ரோட்டோரத்தில் இப்போது பஞ்சாயத்துத் தலைவரின் மருமகன் ரைஸ் மில்லுக்குக் கடைக்கால் தோண்டுகிறான். கணக்குப்பிள்ளை தந்த பட்டியலைத் தேடினேன். காகிதக் கட்டில் அது இல்லை. ஏழைக்கும் புரியட்டும் என்றுதான் ஆபீசுக்குத் தமிழ் மிஷின் வாங்கினார்களாம். யாருக்குப் புரிந்தது?

உன் அம்மாவுக்கு நான் படித்துக் காட்டியிருக்க வேண்டும். அதற்குள் அவர்களே தாளை மடித்துவிட்டார்கள். "நம்ம ஜகபரு அடிச்ச தாளு, அதுல இன்னா தப்பு இருக்கப்போவுது" என்றார்கள். டீ வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். அவ்வளவுதான் என் வாயிலிருந்து வந்தது.

என் வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவு அடுத்த மாதம் வருமாம். சிபாரிசு எழுதியவர் ரங்கநாதன்தான். சாகிரா அக்காவைப் பெண் பார்த்துப்போனவர்கள், தம்பி வேலை நிலைக்கட்டும், பிறகு பேசலாம் என்றிருக்கிறார்கள். இதையெல்லாம் உன்னிடம் ஏன் சொல்கிறேன் என்று என் மேலேயே கோபம் வருகிறது.

அவர் கசக்கி எறிந்தது மேல் தாளைத்தான். அதன் கார்பன் பிரதி என் மேசை இழுப்பறையில், தேய்ந்த கார்பன்களுக்கு நடுவே கிடந்தது. ஆறு வரியிலும் 'ஷை' தெளிவாக இருக்கிறது. இத்துடன் வைத்திருக்கிறேன். 21-ந் தேதி சப் கலெக்டர் செஞ்சிக்கு வந்து மனு வாங்குகிறார். லீவு போட்டு வா. அம்மாவிடம் கொடுத்தனுப்பாதே, வாசலிலேயே ஆபீஸ் ஆட்கள் பிடுங்கிக்கொள்வார்கள். நீயே கொடு.

தாளின் அடியில் இடது ஓரத்தில் அடித்தவன் முதலெழுத்தும் தேதியும் இருக்கும். ஜ.அ. நேற்று சாயங்காலம் கத்தரிக்கோல் எடுத்து அந்த ஓரத்தை வெட்டப் போனேன். வெட்டினால் அது யாரோ அடித்த வெறும் தாள். அப்படியே மடித்து வைத்துவிட்டேன்.

உங்கள் வீட்டுக்கு ரோட்டோர மேட்டிலேயே கூரை ஏறட்டும். அந்த ஓரத்தை நீயும் வெட்டாதே, காஸ்பர். என் மேல் இரக்கப்பட்டும் வெட்டாதே.

உன்
ஜகபர் அலி